எண்ணிக்கை தப்பு, ஸ்டாஃப்

அவளுக்கு ஆணி என்று பெயர் வைத்தது அம்மாதான். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. அது வருகைப் பதிவுக்கு மட்டும் பயன்பட்டது. ஒல்லியாக, விறைப்பாக, ஓரிடத்தில் நின்றுவிட்டால் பிடுங்க முடியாதபடி நிற்கிற பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவதாம் என்று அம்மா கேட்பாள்.

அம்மா நகரப் பேருந்தில் கண்டக்டர். பணிமனையில் கிளம்பி, சந்தை, பெரிய ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று சுற்றி, கடைசியில் ராணுவ அகாடமியின் வாசலில் திரும்புகிற வண்டி. தோளில் தோல்பை, விரலிடுக்கில் டிக்கெட் கட்டு, வாயில் விசில். எவ்வளவு கூட்டமானாலும் அந்த வண்டியில் யாரும் டிக்கெட் எடுக்காமல் இறங்கியது கிடையாது. "கண்ணாலேயே காலரைப் பிடிச்சுடுவாங்க" என்பார் டிரைவர். பல வருஷமாக அம்மாவுடன் ஒரே வண்டியில் ஓடுகிறவர். ஆணிக்கு அவர் டிரைவர் மாமா.

அப்பா என்றும் ஒருவர் இருந்தார். ராணுவத்தில் அணிவகுப்புப் பயிற்சி கொடுக்கிற வேலை. ஆணி நடக்கப் பழகிய நாளில் வெளியூருக்கு மாற்றலாகிப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டார். எல்லாம் நீதிமன்றத்தில் முடிந்தது. அம்மா அழுது ஆணி பார்த்ததில்லை. நீதிமன்ற நிறுத்தத்தில் மட்டும் அம்மா விசிலைக் கொஞ்சம் அவசரமாக ஊதுவாள், அவ்வளவுதான்.

ஆணிக்குப் பதினான்கு வயதானபோது அந்த மனிதர் இந்த ஊருக்கே, அகாடமிக்கே மாற்றலாகி வந்தார். வந்த விஷயம் இவர்களுக்குப் பேருந்தில்தான் தெரிந்தது.

பள்ளி விட்டு ஆணி கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு குடும்பம் ஏறியது. மொடமொடவென்று தேய்த்த சீருடையில் ஒருவர், அவர் மனைவி, பால்பல் விழாத ஒரு சிறுமி. சிறுமி அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அம்மா டிக்கெட் கேட்டுக்கொண்டே வந்து அவர்கள் முன்னால் நின்றாள். ஒரு கணம்தான். சீருடைக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு பாஸ் இருக்கு. ஒரு முழுசு, ஒரு அரை."

வெண்கலக் குரல். அடக்கிப் பேசினாலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது.

அம்மா கிழித்துக் கொடுத்தாள். "உள்ள தள்ளிப் போங்க, வழியில நிக்காதீங்க" என்று தினமும் சொல்கிற குரலிலேயே மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் டிக்கெட் கோணலாகக் கிழிந்திருந்ததை ஆணி பார்த்தாள். அம்மாவின் கை டிக்கெட்டைக் கோணலாகக் கிழிக்காது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆளின் காதையும் தாடையையும் பார்த்தாள். தினமும் கண்ணாடியில் பார்க்கிற அதே தாடை.

மடியிலிருந்த சிறுமி கேட்டாள்: "அப்பா, அந்த அக்கா ஏன் நம்மளையே முறைச்சுப் பாக்குது?"

அவர் திரும்பினார். ஆணியை நேருக்கு நேராகப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததை அவள் அந்தக் கண்ணிலேயே கண்டாள். அப்புறம் அவர் சொன்னார்: "யாரோ, பாப்பா."

அகாடமி வாசலில் அவர்கள் இறங்க எழுந்தபோது வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. சீருடைக்காரர் தடுமாறிக் கம்பியில் முட்டிக்கொண்டார். "பிரேக் கொஞ்சம் பிடிக்குது சார், மன்னிச்சுக்கோங்க" என்றார் டிரைவர் மாமா, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. பிரேக்குக்கு ஒரு கோளாறும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் ஆணி கேட்டாள். "அவருதானே?"

"சாப்பிடு" என்றாள் அம்மா.

அந்த ஆள் அடித்திருந்தால்கூட மறந்திருப்பாள். அந்த "யாரோ" அவளுக்குள் முள்ளாக இறங்கி, சீழ் வைத்து, உள்ளேயே நின்றுவிட்டது. சில நாள் கழித்து வண்டி திரும்புவதற்காகக் காத்திருந்த நேரத்தில், அகாடமியின் பெரிய இரும்புக் கதவைக் காட்டி டிரைவர் மாமாவிடம் விசாரித்தாள்.

"மாமா, இதுக்குள்ள யாரு யாருக்கு சல்யூட் அடிப்பாங்க?"

அவர் விகல்பம் இல்லாமல் சொன்னார்: "சின்னவன் பெரியவனுக்கு அடிப்பான். ஒரு வேடிக்கை கேளு. இங்க படிச்சு முடிச்சு ஆபீசரா வெளிய வருதுங்களே பிள்ளைங்க, அதுங்களுக்கு முதல் சல்யூட் அடிக்கிறதே டிரில் சொல்லிக் குடுத்தவங்கதானாம். அதுவரைக்கும் வெயில்ல நிக்க வச்சுத் திட்டினவங்க, அன்னிக்கு விறைப்பா நின்னு சல்யூட் அடிக்கணும்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அகாடமியில் சேரப் போவதாக அவள் சொன்னபோது அம்மா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க நின்ற கால்.

"அந்த வாசல்லயா? ஊர்ல உனக்கு வேற காலேஜே கிடைக்கலியா?"

"அங்கதான் சேரணும்."

"எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? அந்த ஆளைப் பழிவாங்க நீ ஏன்டி சேத்துல புரளணும்?"

"நீ வாங்கல. அதான்."

அம்மா வெந்நீர் ஆறும்வரை அப்படியே இருந்தாள். மறுவாரம் பணிமனையிலிருந்து ஒரு கம்பி வந்தது. உடைக்கப் போட்ட பழைய பேருந்தில் பயணிகள் பிடித்துக்கொள்கிற கைப்பிடிக் கம்பி. கை பட்டுப் பட்டு வழவழத்துப் போனது. டிரைவர் மாமா அதைச் சமையலறை வாசலுக்குக் குறுக்கே உயரத்தில் அடித்துக் கொடுத்தார். சேருவதற்கான தேர்வில், கம்பியைப் பிடித்துத் தொங்கி மோவாய் கம்பிக்கு மேலே வரும்படி எட்டுத் தடவை எம்ப வேண்டும் என்று ஆணி விசாரித்து வைத்திருந்தாள். ஆரம்பத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. தோலுரித்த ஆடு மாதிரி தொங்கினாள். அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் டப்பா எடுக்கும்போதெல்லாம் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு, "உன் அப்பன் இருந்தாலும் தொல்லை, இல்லாட்டியும் தொல்லை" என்று திட்டுவாள். அது ஒன்றுதான் அந்த வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு.

காலையில் ஓடினாள். வேறு நல்ல பாதைகள் இருக்கும்போது அகாடமியின் மதிலை ஒட்டியேதான் ஓடினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் வெண்கலக் குரல் கேட்கும். லெஃப்ட், ரைட், லெஃப்ட். அந்தக் குரலுக்குத் தன் மூச்சைக் கட்டிக்கொண்டு ஓடினாள். களைத்து நிற்கத் தோன்றும்போது அந்தக் குரல் "யாரோ, பாப்பா" என்று சொல்வதாக நினைத்துக்கொள்வாள். கால் தானாக வேகம் பிடிக்கும். வெறுப்பு இவ்வளவு நல்ல எரிபொருள் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெறுப்பை வைத்துக்கொண்டு ஓடலாம், தொங்கலாம். கணக்குப் போட முடியாது. முதல் வருஷம் எழுத்துத் தேர்விலேயே கணக்கில் குப்புற விழுந்தாள். முடிவு வந்த அன்று வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் நிம்மதியாக இருக்கிறார் என்ற நினைப்பே உட்கார விடவில்லை. வகுப்பில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு தோழி இருந்தாள். கணக்கில் புலி. அவளிடம் போய் நின்றாள்.

"கத்துத் தரேன். ஆனா எதுக்கு இந்த வெறின்னு சொல்லு" என்றாள் தோழி.

ஆணி சொன்னாள். முழுவதையும் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தோழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "சரி. முக்கோணத்துல ஆரம்பிக்கலாம். அந்த ஆளை ஒரு மூலையில நிக்க வச்சுக்கோ, கவனம் சிதறாது" என்றாள். அந்த வருஷம் முழுக்க எல்லா முக்கோணத்தின் உச்சியிலும், எல்லா வட்டத்தின் நடுவிலும் அவர் நின்றார். அடுத்த தேர்வில் ஆணி தேறிவிட்டாள்.

உடல் தகுதித் தேர்வு அகாடமிக்குள்ளேயே நடந்தது. இத்தனை வருஷம் வெளியிலிருந்து பார்த்த கதவுக்குள் முதல் தடவையாக நுழைந்தாள். நெஞ்சிலும் முதுகிலும் எண் எழுதிய துணி கட்டியிருந்தார்கள். ஓட்டம், சுவர் தாண்டுவது, கயிறு ஏறுவது எல்லாம் முடிந்து கடைசியாகக் கம்பி. கம்பிக்குப் பக்கத்தில் எண்ணிக்கை சொல்வதற்காக ஒருவர் நின்றிருந்தார். மொடமொடத்த சீருடை.

எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்த வெண்கலக் குரல் அவள் எண் வந்ததும் ஒரு நொடி நின்றது. இந்தத் தடவை அவர் ஜன்னல் பக்கம் திரும்ப முடியாது. அங்கே ஜன்னல் இல்லை. திறந்த மைதானம்.

"ஆரம்பி" என்றார்.

எம்பினாள். ஒன்று. இரண்டு. வீட்டில் சில நாள் பத்துகூடப் போட்டிருக்கிறாள். ஆனால் அன்று கயிறு ஏறியதில் உள்ளங்கை உரிந்திருந்தது. ஐந்தில் தோள் நடுங்கியது. ஆறாவதில் மோவாய் கம்பியைத் தொட்டு, தட்டுத்தடுமாறித்தான் மேலே போனது. ஏழாவதற்கு எம்பினாள். பாதி உயரம் போனாள், அதற்கு மேல் போகவில்லை. சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள்.

"ஏழு" என்றது குரல்.

தொங்கியபடியே அவரைப் பார்த்தாள். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, அட்டையில் குறித்துக்கொண்டிருந்த அதிகாரி தலை நிமிரவில்லை. இன்னும் ஒன்று எம்பினால் போதும், அகாடமி அவளுடையது. வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒருவேளை விட்டிருப்பாள். இது அந்த வாயிலிருந்து வந்த தானம். இவர் போட்ட பிச்சையில் இவருக்கு மேலே ஏறுவதா?

"எண்ணிக்கை தப்பு, ஸ்டாஃப்" என்றாள். அங்கே பயிற்சியாளர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். "ஆறுதான் ஆச்சு."

மைதானமே திரும்பிப் பார்த்தது. அதிகாரி நிமிர்ந்தார். எண்ணிக்கை சொன்னவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை ஆணி மேலேயிருந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கிருந்தோ கைக்குத் தெம்பு வந்தது. எம்பினாள். "ஏழு" என்று அவளே கத்தினாள். மறுபடி கீழே வந்து, பல்லைக் கடித்து, தொண்டையிலிருந்து மிருகம் மாதிரி ஒரு சத்தத்தோடு மோவாயைக் கம்பிக்கு மேலே கொண்டுபோனாள்.

"எட்டு. இப்ப எண்ணிக்கோங்க, ஸ்டாஃப்."

கையை விட்டு விழுந்தாள். கம்பியில் ரத்தக்கறை இருந்தது.

மறுநாள் நேர்காணல். நீளமான மேஜைக்குப் பின்னால் நரைத்த தலையோடு குழுத் தலைவர், பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி. கம்பி விஷயம் அவர்கள் காதுக்குப் போயிருந்தது.

"நேத்து எண்ணிக்கையை நீயே திருத்தினியாமே. நேர்மையான காரியம்" என்றார் தலைவர்.

தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஆளைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது. "நேர்மைக்காக இல்ல சார். அவர்கிட்ட நான் எதுவும் வாங்கக் கூடாது."

"ஏன்?"

"என்னைப் பெத்தவரு சார். எங்க அம்மாவையும் என்னையும் விட்டுட்டுப் போனவரு. நான் யாருன்னு அவருக்கு நேத்து நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் ஒண்ணு கூட்டிச் சொன்னாரு."

தலைவரின் பேனா நின்றுவிட்டது. சொந்தப் பிள்ளையின் தேர்வில் நின்றதும் குற்றம், சொல்லாமல் நின்றதும் குற்றம், பொய் எண்ணிக்கை எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம். அது ஆணிக்கும் தெரியும்.

பெண் அதிகாரி முன்னால் சாய்ந்தார். "நீ எதுக்கும்மா இங்க வர்ற? உண்மையைச் சொல்லு."

"அவரு எனக்கு சல்யூட் அடிக்கணும், மேடம்."

"அதுக்காகவா இவ்வளவும்?"

"ஆமா."

பெண் அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "உன் பயிற்சி முடிய வருஷக்கணக்காகும். அவரோட சர்வீஸ் அடுத்த வருஷத்தோட முடியுது. நீ ஆபீசரா வெளிய வர்ற அன்னிக்கு அவரு வீட்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாரு."

இத்தனை கணக்குப் போட்டவள் இந்தக் கணக்கைப் போடவே இல்லை. மதிலோரம் ஓடிய ஓட்டமெல்லாம், சமையலறை வாசலில் தொங்கிய தொங்கலெல்லாம், நடக்கவே போகாத ஒரு சல்யூட்டுக்காக. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"இப்பவும் சேரணுமா?" என்றார் பெண் அதிகாரி. "கோபத்தோட வர்றவங்க பாதி வழியிலயே அணைஞ்சு போறதை நான் நிறைய பாத்திருக்கேன்."

அவள் உரிந்த உள்ளங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சேரணும் மேடம். இத்தனை வருஷம் அவரு உள்ள இருந்தாரு, நாங்க கேட்டுக்கு வெளிய பஸ்ஸைத் திருப்பிக்கிட்டுப் போனோம். இனிமே நான் உள்ள இருக்கேன். அவரு வெளிய இருந்து பாக்கட்டும். என் கோபம் அணையாது. அணைஞ்சாலும் அதுக்குள்ள எனக்கு டிரில் பழகியிருக்கும்."

தலைவர் சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார். பெண் அதிகாரி சிரிக்கவில்லை. எதையோ எழுதினார்.

அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று டிரைவர் மாமா கடைசி நிறுத்தம் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். வண்டியில் யார் கேட்டாலும் "ஹாரன் ஒட்டிக்கிச்சு" என்றார். அம்மா பயணிகளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குச் சில்லறை இல்லாதவர்களைக்கூட அவள் திட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. ஆணிதான் திறந்தாள். சீருடை இல்லாமல், சாதாரணச் சட்டையில் அவர் நின்றிருந்தார். சீருடை இல்லாவிட்டால் தோள் இவ்வளவு சரிந்திருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னை மைதானத்தை விட்டே எடுத்துட்டாங்க. ஸ்டோர்ல போட்டிருக்காங்க. இருக்கிற கொஞ்ச காலமும் போர்வையும் பூட்ஸும் எடுத்துக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றார். குரலில் வெண்கலம் போய்த் தகரம் இருந்தது. "இத்தனை வருஷ சர்வீஸ். ஒரு கரும்புள்ளி கிடையாது. உனக்காகத்தானே ஒண்ணு கூட்டிச் சொன்னேன்?"

"இத்தனை வருஷம் நாங்க உங்க எண்ணிக்கையிலேயே இல்ல. அன்னிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது ஒண்ணு?"

"நான் உனக்கு அப்பா."

"யாரோ" என்றாள் ஆணி.

நாலு வருஷமாக வைத்திருந்தது. அவருக்கு அது எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. "பாப்பா அடிக்கடி கேக்குறா. பஸ்ல பாத்த அக்கா யாருன்னு" என்றார். ஆணியின் கை கதவிலிருந்து இறங்கியது. அந்தச் சிறுமியின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. ஆனால் அவளைத் தூது விடுகிறாரே என்று நினைத்ததும் கை மறுபடி கதவுக்குப் போனது.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். கையில் கரண்டி. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டிக்கெட் இல்லாம ஏறுறவங்களை நான் அடுத்த ஸ்டாப்ல இறக்கி விட்டுடுவேன். உங்களை இறக்கிவிட்டு ரொம்ப நாளாச்சு. கிளம்புங்க" என்றாள். கதவை அறையவில்லை. பதமாகச் சாத்தினாள். சாத்திவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு சிரித்தாள். அம்மா அவ்வளவு நேரம் சிரித்து ஆணி பார்த்ததில்லை. சிரிப்பின் முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும்டி. எனக்கு இது போதும். நீயும் இதோட விட்டுடு. இதுக்கு மேல போனா இனிக்காது" என்றாள்.

ஆணி விடவில்லை.

சேர்ந்த அன்று புதியவர்களை வரிசையாக ஸ்டோருக்கு அனுப்பினார்கள். நீளமான அறை, தோலும் பாச்சா உருண்டையும் கலந்த வாசனை. தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான முக்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக வந்து எதிரே பெஞ்சில் உட்கார, பூட்ஸைப் போட்டுவிட்டு, முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, விரலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வேறு ஸ்டோர்க்காரர் ஒருவரும் பக்கத்தில் இருந்தார். ஆணி நினைத்திருந்தால் அந்த வரிசைக்குப் போயிருக்கலாம். இந்த வரிசையிலேயே நின்றாள்.

அவள் முறை வந்தது. உட்கார்ந்து காலை நீட்டினாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "என்ன சைஸ்?"

பெற்ற மகளின் கால் அளவு. அவர் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் சொன்னாள். அவர் அலமாரியிலிருந்து எடுத்து வந்து, முக்காலியில் குனிந்து, அவள் காலில் மாட்டி, நாடாவைக் கட்டினார். கட்டைவிரல் முனையை அழுத்தியது. அவர் உச்சந்தலையில் முடி கொட்டியிருந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சல்யூட் கிடைக்காமல் போனால் போகட்டும், இது கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாள். இனித்தது. இனிக்காது என்று அம்மா சொல்லியிருந்தாள். இனிக்கத்தான் செய்தது.

அவர் எழுந்திருக்காமல், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "புது பூட்ஸ், குதிகால்ல தேய்க்கும். முதல் வாரம் ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ."

"தேங்க்யூ, ஸ்டாஃப்" என்று எல்லோரையும் போலச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மற்றப் பிள்ளைகளிடமும் ஸ்டோரில் இதையே சொல்லியிருந்தார்கள், எல்லோரும் இரண்டு சாக்ஸ் போட்டார்கள். அவள் ஒன்றுதான் போட்டாள். முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வந்தது. மறுநாள் உடைந்தது. அதற்கடுத்த நாள் சாக்ஸைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. அணிவகுப்பில் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வந்தது. முகத்தில் காட்டாமல் நடந்தாள்.

மருத்துவ அறையில் நர்ஸ் காலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு சாக்ஸ் போடணும்னு ஸ்டோர்ல யாரும் சொல்லலியா உனக்கு?"

"சொன்னாங்க, சிஸ்டர்."

"அப்புறம் ஏன் போடல?"

மருந்து எரிந்தது. கட்டுப் போட்டு முடித்ததும் ஆணி காலைக் கீழே வைத்து, அதே ஒற்றை சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு, பூட்ஸ் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.